சத்தியம் செய்த வாய்

பொழுது புலர்வதற்குள், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பெண்கள் கூடையோடு மலையேற வேண்டும். ஏறுமுன் பெரிய கங்காணி ஆண்டியப்பன் ஆளுக்கொரு துண்டு புகையிலை கொடுப்பார். அது தோட்டத்துச் சட்டமன்று, அவருடைய தாராளம். கம்பளிக் கோட்டின் பையிலிருந்து யாழ்ப்பாணத்துக் கறுப்புப் புகையிலைச் சுருளை எடுத்து, நகத்தால் கிள்ளி, ஏந்திய கைகளில் போட்டுக்கொண்டே போவார்.

"போடு, போடு, கன்னத்துல போடு. குளிரும் தெரியாது, பசியும் தெரியாது" என்பார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரண்டு கைகளும் தோட்டத்துக்குச் சொந்தம். இரண்டு கால்களும் அட்டைகளுக்குச் சொந்தம். அவளுக்கென்று மிஞ்சியது வாய் ஒன்றே. அந்த வாயில் வெற்றிலையையும் சுண்ணாம்பையும் புகையிலையையும் சேர்த்து அடக்கிக்கொண்டால், பகல் உணவுக்குக் கொம்பு ஊதும்வரை வயிறு முணுமுணுக்காது. காலில் ஏறிய அட்டையின்மேல் அந்தச் சாற்றைத் துப்பினால் அட்டை சுருண்டு விழும்.

அட்டையைச் சுருட்டுகிற சாறு கன்னத்துச் சதையை என்ன செய்யும்? கேட்டவர் எவருமில்லை. கேட்க வேண்டியவர்கள் பங்களாவின் கணப்பருகில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். இலங்கை விடுதலை பெற்ற சூடு ஆறுமுன்பே இந்தத் தோட்டத்து மக்களின் குடியுரிமை பறிபோயிற்று, வாக்குரிமை பறிபோயிற்று. பேசும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டவர்கள், மெல்லும் உரிமையை மட்டும் பெருந்தன்மையோடு விட்டுவைத்திருந்தார்கள்.

அக்கரப்பத்தனையின் அந்த மேற்பிரிவுத் தோட்டத்தில் வேலாயியின் கைக்கு ஈடான கை இல்லை. புருஷனை மண்சரிவுக்குப் பறிகொடுத்தவள். மகள் நாகலெட்சுமி ஒருத்திதான் அவளுக்குச் சொந்தம், சொத்து, சுகம் எல்லாம். வேலாயியின் இடக்கன்னம் என்றைக்கும் புடைத்தே இருக்கும். விடியலில் அடக்கிய புகையிலை அந்தியில்தான் வெளியே வரும்.

"வேலாயக்கா, தாலி கட்டுனப்பக்கூட ஒங்க கன்னத்துல பொயல இருந்துச்சாமே?" என்று பக்கத்து நிரையில் பறிப்பவள் சீண்டுவாள்.

"இருந்துச்சுடி. இல்லாட்டி அந்த மூஞ்சியப் பாத்து அழுதிருப்பேன்ல?" என்பாள் வேலாயி. மலைச்சரிவு முழுவதும் சிரிப்பு உருளும்.

அப்படிச் சிரித்த வாய்தான் ஒரு நாள் சத்தியம் செய்தது.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசியில், காட்டோரமாக, தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில் இருந்தது. அம்மன் கழுத்தில் குன்றிமணி அளவில் ஒரு பொன் தாலி. ஒரு வெள்ளிக்கிழமை அது காணாமற் போயிற்று. அன்று கோயிலைக் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டவள் நாகலெட்சுமி. ஆகவே அவள் திருடி! கோயில் தர்மகர்த்தாவும் பெரிய கங்காணி ஆண்டியப்பனே. குற்றம் சாட்டியவரும் அவர், விசாரித்தவரும் அவர், தீர்ப்புச் சொல்ல நின்றவரும் அவர். இப்படிப்பட்ட நீதிமன்றம் உலகில் எங்கே கிடைக்கும்?

அந்தக் கோயிலில் வழக்குத் தீர வழி ஒன்று இருந்தது. அம்மன் முன்னே சூடம் ஏற்றி, எரியும் சுடரை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் ஊர் அதை ஏற்கும். பொய்யென்றால் அம்மன் பார்த்துக்கொள்வாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வேலாயி முன்னே வந்தாள்.

"எம் மக எடுக்கலே! எடுத்திருந்தா, சத்தியம் பண்ற இந்த வாய் அழுகி நான் சாவணும்!" என்று கூவிச் சுடரை அறைந்து அணைத்தாள்.

வாயைப் பணயம் வைக்கச் சொல்லி எவரும் அவளைக் கேட்கவில்லை. சுடரை அணைத்திருந்தாலே போதும். பெற்ற வயிறு எரிந்த வேகத்தில் அவளே சேர்த்துக்கொண்ட சொற்கள் அவை.

ஊர் அடங்கிற்று. அந்தச் சத்தியத்தின்மேல்தான் நாகலெட்சுமியின் வாழ்வு எழுந்தது. பூண்டுலோயாவிலிருந்து பெண் பார்க்க வந்த காளியாயியின் காதிலும் திருட்டுக் கதை விழுந்தது. "பெத்தவ சூடம் அணைச்சிருக்கா, வாயையே வச்சு" என்று சொன்னார்கள். காளியாயி திருப்தியோடு தலையசைத்தாள். அவள் மகன் லெட்சுமணன் தாலி கட்டி நாகலெட்சுமியை அழைத்துப் போனான்.

அடுத்த மழைக்காலத்தில் வேலாயியின் இடக்கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு தோன்றிற்று. காரம் பட்டால் எரிந்தது. பிறகு அது புண்ணாயிற்று; புண் குழியாயிற்று.

முதலில் அவளுக்கு விறகு வெட்டும் மூக்கனின் முகம் நினைவுக்கு வந்தது. மூக்கன் பிறவி ஊமை. அவனுக்கும் கன்னத்தில் எப்போதும் புகையிலை. அவனுக்கும் அந்தக் கன்னத்தில்தான் புண் வந்தது. கஞ்சி இறங்காமல் செத்தான். நினைவு சரியான வாசலில்தான் வந்து நின்றது. ஆனால் அச்சம் அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, தான் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த வாய் அழுகி நான் சாவணும் என்று சொன்னவள் யார்? அவள்தானே! வாய் அழுகுகிறதென்றால்?

அந்தக் கேள்வியின் மறுபாதி அவளைப் புண்ணைவிடக் கொடுமையாகத் தின்றது. வாய் அழுகுகிறதென்றால், மகள் எடுத்திருக்கிறாள்.

வேலாயி ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகள் திருடி. மகள் திருடியானால் பூண்டுலோயாவில் அவளுக்கு இடமில்லை. புண்ணின் நாற்றம் வெளியே வராமல் இருக்க அவள் கண்ட மருந்து என்ன தெரியுமா? இன்னும் கொஞ்சம் புகையிலை! காரம் நாற்றத்தை மறைத்தது, வலியை மரத்துப்போகச் செய்தது. "என்னா வேலாயி, பங்கு பத்தலியா?" என்று சிரித்தபடி ஆண்டியப்பன் பெரிய துண்டாகவே கிள்ளிக் கொடுத்தார். நோய்க்கு உணவையும் நோயாளிக்கு மயக்கத்தையும் ஒரே கையால் வழங்கிய வள்ளல் அவர்.

மலையில் சிரிப்பொலி நின்றது. வேலாயியின் தாடை மெல்ல மெல்ல இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுகூடத் திறக்காமற் போயிற்று.

நாகலெட்சுமி வயிற்றுப் பிள்ளையோடு தாயைப் பார்க்க வந்தாள். தாய் கஞ்சி குடிப்பதைப் பார்த்தாள். உறிஞ்சிய கஞ்சியில் பாதி, உதட்டோரமாகச் சிவந்து வழிந்தது.

"ஆத்தா, என்னாத்தா இது? வாயக் காட்டு."

வேலாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, பல்லிடுக்கு வழியே, இத்தனை மாதம் மென்று விழுங்கிய கேள்வியைத் துப்பினாள்.

"நாகு, அம்மன் தாலிய நீ எடுத்தியாடி?"

மகள் சுவரோடு சாய்ந்தாள். "என்னா கேக்குற நீ?"

"எடுத்திருந்தா சொல்லிருடி கண்ணு. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். கொண்டுபோய் வச்சிருவோம். எனக்கு வாய் ஆறிரும்."

"நீதானே ஆத்தா சூடம் அணைச்சே? தெரியாமயா அணைச்சே?"

"அப்ப நம்புனேன்."

ஊரே திருடி என்றபோது அழாத நாகலெட்சுமி அந்த ஒரு சொல்லுக்கு அழுதாள். அழுது முடித்ததும் தாயின் கையைப் பிடித்து எழுப்பினாள். "நட. மருந்துக்காரைய்யாகிட்டப் போவோம். எடுக்காதவளோட ஆத்தாளுக்கு எப்புடி வாய் அழுகும்னு அவரு சொல்லட்டும்."

தோட்டத்து மருந்துச்சாலையின் முன்னால் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மருந்து கொடுப்பவர் அழகையா. காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் ஒரே சீசாவிலிருந்து ஊற்றிக் கொடுப்பவர்; கெட்டவரல்லர், உரத்த குரல் படைத்தவர். வேலாயியின் உதட்டை விலக்கி டார்ச் விளக்கை அடித்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

"ஏம்மா, இவ்வளவு நாளா இத மூடி வச்சிக்கிட்டா இருந்தே? வாய் அழுகிப் போச்சே!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். சத்தியத்தில் சொன்ன அதே சொல்! கூட்டத்திலிருந்து "அம்மா தாயே!" என்று ஒரு குரல் எழுந்தது. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த இரைச்சலுக்கு நடுவே அழகையா தொடர்ந்து சொன்னார்:

"இது புற்றுநோய். பொயலயால வர்றது. கன்னத்துல அடக்குறீங்கள்ல, அதுதான் அரிக்குது. மொதல்லயே வந்திருந்தா கொழும்புக்கு அனுப்பி வெட்டி எடுத்திருக்கலாம்."

இதை நாகலெட்சுமியைத் தவிர எவரும் கேட்கவில்லை.

"இப்ப அனுப்புங்கய்யா."

"எழுதிப் போடுறேன். கட்டில் கெடைச்சாக் கூப்புடுவாங்க" என்றார் அழகையா. பிறகு தணிந்த குரலில், "அத நம்பி இருக்காதே புள்ள" என்றார்.

செய்தி பேருந்தில் ஏறிப் பூண்டுலோயா போய்ச் சேர அதிக நேரம் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் காளியாயி மகன் லெட்சுமணனோடு வந்து இறங்கினாள். கோயில் முன்னே ஊர் கூடிற்று. ஆண்டியப்பன் நடுவே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"நாங்க சத்தியத்த நம்பிப் பொண்ணு எடுத்தோமுங்க, கங்காணியய்யா" என்றாள் காளியாயி. "இப்ப எங்கூருல தண்ணி புடிக்கிற பைப்படியில என்னையப் பாத்துக் கேக்குறாளுக, திருடிய மருமகளா வச்சிருக்கியே, அடுக்குப்பானையெல்லாம் பத்திரமான்னு. நான் என்னா சொல்ல?"

"வாயத் தொறந்து காட்டச் சொல்லுங்க!" என்றது கூட்டம். "நல்ல வாய்னா காட்டட்டுமே!"

வேலாயி எழுந்து நின்றாள். முந்தானையை இறக்கினாள். கன்னம் கருத்து வீங்கிப் பளபளத்தது. திறக்க முயன்றாள். கழுத்து நரம்புகள் புடைத்தன, கண்களில் நீர் முட்டிற்று; தாடை அசையவில்லை.

"பாத்தீங்களா? அம்மன் பூட்டுப் போட்டுட்டா!"

"பொய் சொன்ன வாயத் தாயி தொறக்க விடுவாளா?"

அப்போது நாகலெட்சுமி கூட்டத்தின் நடுவே வந்தாள். வயிற்றுச் சுமையோடு நின்ற அவளுடைய குரலில் நடுக்கமே இல்லை.

"மூக்கன் மாமா எப்புடிச் செத்தாரு? சொல்லுங்க. இதே கன்னம், இதே புண்ணு, இதே நாத்தம். நீங்கதானே தூக்கிப் போட்டீங்க? அவரு பொறந்ததுலேர்ந்து ஊமை. ஒரு வார்த்த பேசுனதில்ல. அவரு எந்தக் கோயில்ல, எந்தச் சூடத்த அணைச்சு, எந்தப் பொய்ச் சத்தியம் பண்ணாரு?"

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. பகுத்தறிவின் ஒரு தீக்குச்சி உரசப்பட்டுவிட்டது. இன்னும் ஒரு கணம் கிடைத்திருந்தால் யாராவது ஒருவர் அந்த வெளிச்சத்தில் தம்முடைய கன்னத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார். ஐயோ, அந்தக் கணம் கிடைக்கவில்லை.

மடித்த வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டு ஆண்டியப்பன் சொன்னார்: "அது போன சென்மத்துப் பொய். அதனாலதான் இந்தச் சென்மத்துல ஊமையாப் பொறந்தான்."

"ஆங்!" என்றது கூட்டம். எவ்வளவு பெரிய நிம்மதி அந்த ஒலியில்! ஊமையையும் பொய்யனாக்கியாயிற்று, இனிச் சிந்திக்க வேண்டியதில்லை. அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டுவிட்டு, எல்லாரும் அடக்கி வைத்திருந்த புகையிலையை மறுபடி மெல்லத் தொடங்கினார்கள்.

காளியாயி தீர்வு ஒன்று சொன்னாள். "நான் மோசக்காரியில்லே. நீயும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு. ஒரு வருசம் ஆத்தா வீட்டுல இரு. ஒன் வாய் நல்லா இருந்தா நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம். இல்லாட்டி, இங்கிட்டே கெட."

நாகலெட்சுமி கணவனைப் பார்த்தாள். லெட்சுமணன் பெருவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். அவனுக்கு வாய் நன்றாகத்தான் இருந்தது, பேசத்தான் இல்லை. அவள் சூடத்தின்மேல் கையை அறைந்தாள்.

திருவிழா நெருங்கிற்று. கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்த கந்தப்பன், அபிஷேகத் தண்ணீர் வெளியேறும் குழி அடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு கடப்பாறையால் குத்தினான். மக்கிய பூவும் மஞ்சளும் எண்ணெயும் இறுகிக் கல்லாகியிருந்தன. பெயர்ந்து வந்த கட்டி ஒன்றுக்குள் இற்றுப்போன மஞ்சள் நூலும், அதன் நுனியில் குன்றிமணி அளவுப் பொன்னும் மின்னின. எவரும் திருடவில்லை! நூல் இற்று, பூவோடு பூவாக அடித்துக்கொண்டு போன தாலி, அம்மனின் காலடியிலேயே கிடந்திருக்கிறது.

கந்தப்பன் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு லயத்தில் வேலாயியின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஓடி வந்தான். "வேலாயக்கா! பாருங்க! தாலி! கோயில் குழிக்குள்ள கெடந்துச்சு!"

சாக்குப் படுக்கையில் கிடந்த வேலாயி தலையைத் தூக்கினாள். பொன்னைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். உலர்ந்திருந்த கண்கள் பெருகின. மகளின் கையைப் பற்றித் தன் மார்போடு அழுத்திக்கொண்டு எதையோ சொல்ல முற்பட்டாள். உன்னையா சந்தேகித்தேன் என்று கேட்க நினைத்தாளோ? மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தாளோ? சொல்ல வேண்டிய நாக்கைப் புண் தின்றிருந்தது. கன்னத்தில் விழுந்திருந்த ஓட்டை வழியே காற்றும் இரத்தமும்தான் வந்தன. "என்னாத்தா? என்னா சொல்றே?" என்று மகள் காதை அருகில் கொண்டுபோனாள். சீழ் வடியும் ஓசையன்றி வேறெதுவும் அந்தக் காதில் விழவில்லை. தாய் சொல்ல வந்தது என்னவென்று நாகலெட்சுமிக்குக் கடைசிவரை தெரியாது.

வாசலில் ஊர் கூடிவிட்டது. ஆண்டியப்பன் தாலியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பயந்துபோய்க் கொண்டாந்து போட்டுட்டாளுக" என்றார். "அம்மன் வாயப் புடிச்சு அமுக்குனா, கக்கிட்டாளுக."

"இல்லீங்கய்யா" என்றான் கந்தப்பன். "பழைய அழுக்குங்க. கல்லாட்டம் இறுகிக் கெடந்துச்சு. கடப்பாறையில குத்தித்தான்…"

"என்னாடா அவளுகளுக்குப் பரிஞ்சு பேசுறே? ஒன் வாயும் அழுகணுமா?"

கந்தப்பன் வாயை மூடிக்கொண்டான். உண்மையைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சியும் அத்தோடு செத்தது.

வேலாயி மறுநாள் உயிர்விட்டாள். பிணத்துக்கு வாய்க்கரிசி போட உறவினர் குனிந்தார்கள். உதட்டுக்கிடையே திணித்த அரிசி, கன்னத்து ஓட்டை வழியாக வெளியே வந்து பாயில் சிதறிற்று. மறுபடி திணித்தார்கள், மறுபடி கொட்டிற்று. "வாய்க்கரிசியக்கூட அம்மன் ஏத்துக்க விடமாட்டேங்கிறா" என்று ஒரு கிழவி நெட்டுயிர்த்தாள். நாகலெட்சுமி அரிசியைப் பொறுக்கினாள். கன்னத்து ஓட்டையைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் தாய்க்கு ஊட்டினாள்.

துக்கம் முடிந்த காலையில் அவள் தாயின் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்தில் நின்றாள். பனித்தூறல். முந்தின நாள் சுட்ட ரொட்டிகூட அவள் வீட்டில் இல்லை. ஆண்டியப்பன் வரிசையாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னே நின்றார்.

"ஆத்தா பங்கு. புடி. வயித்துப்புள்ளக்காரி, பசி தாங்க மாட்டே."

"வேணாங்க."

"ஏன்?"

அவள் கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டாள்.

"ஏன்னு கேட்டேன். பொயலதான் ஒங்காத்தாளக் கொன்னுச்சுன்னு சொல்றியா? அப்ப அம்மன் இல்லேங்கிறியா? சத்தியத்துக்குப் பயந்தவன்னு நம்பி ஒன் மாமியா ஒரு வருசம் தவண குடுத்திருக்கா. சாமி இல்லேன்னு நீ சொன்னதாப் பூண்டுலோயாவுக்குச் சொல்லி அனுப்பவா?"

எத்தனை நேர்த்தியான பொறி! மறுத்தால் அவள் நாத்திகக்காரி. இன்றைக்கே வாழ்வு போயிற்று. ஏற்றால் அந்த வாய் என்னவாகும் என்று அழகையா சொன்னதை மருந்துச்சாலையில் அவள் ஒருத்தி மட்டுமே கேட்டிருக்கிறாள். வாய் கெட்டால் அவள் திருடி. முன்னும் பின்னும் நின்ற பெண்கள், புடைத்த கன்னங்களோடு, அவளுடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கையை நீட்டினாள்.

"மடியில கட்டாதே. போடு. எல்லாரும் பாக்கட்டும்."

போட்டாள். காரம் சுரீரென்று ஏறிற்று. கண்ணில் நீர் வந்தது. "அது பழகிரும்டி" என்றாள் பின்னால் நின்றவள், ஆறுதலாக.

மலையேறினாள். தாயின் நிரையில் நின்று முதல் கொழுந்தைக் கிள்ளும்போது கணுக்காலில் ஈரமாக ஏதோ ஊர்ந்தது. அட்டை. குனிய முடியாத வயிற்றோடு அவள் எச்சிலைக் கூட்டி அதன்மேல் துப்பினாள். அட்டை துடித்தது; சுருண்டது; நிறம் மாறிப் புல்லில் விழுந்தது. கையில் கொழுந்தோடு நாகலெட்சுமி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்க என்னாடி வேடிக்க? பறி, பறி!" என்று மேலிருந்து ஆண்டியப்பனின் குரல் வந்தது.

வாயிலிருந்ததை ஒதுக்கி இடக்கன்னத்தில் அடக்கிக்கொண்டு, அவள் பறிக்கத் தொடங்கினாள்.